120 வீட்டில் ஒரு வீடு

எங்கள் பக்கத்துக் கர்ப்பிணிகளுக்குக் காகிதம் புதிதில்லை. கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் எழுதிய சீட்டு, ரத்த வகைச் சீட்டு, ஸ்கேன் படம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்காக எடுத்துவைத்த வங்கிப் புத்தக நகல் எல்லாவற்றையும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு உயரமாக ஆணியில் மாட்டியிருப்பார்கள். மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறினால் முதலில் கையில் எடுப்பது அந்தப் பையைத்தான். கடந்த சில வருடங்களாக அதற்குள் இன்னொரு காகிதமும் சேர்ந்திருக்கிறது. டபுள் மார்க்கர் ரிப்போர்ட். மற்றதை எல்லாம் பத்துப் பேர் முன்னால் நீட்டுகிறவர்கள், இதை மட்டும் கூட்டம் கலையும்வரை இடுப்பில் செருகி வைத்திருப்பார்கள்.

காட்டுப்பள்ளி என்றதும் இன்று பலருக்கும் துறைமுகம்தான் நினைவுக்கு வரும். ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆறும், நடுவில் ஒடுங்கிய மணல்திட்டு. வடக்கே போனால் பழவேற்காடு ஏரி. நான் சிறுமியாக இருந்தபோது இங்கே கப்பலும் கிடையாது, சாலையும் கிடையாது. பிரசவ வலி எடுத்தால் படகில் கால்வாயைக் கடந்து அத்திப்பட்டுக்குப் போய் ரயில் பிடிக்க வேண்டும். 2013-இல் துறைமுகம் ஓடத் தொடங்கியது. இப்போது 108 வண்டி வாசல்வரை வருகிறது, வழியில் கன்டெய்னர் லாரிகள் இடம் விட்டால். இந்தத் திட்டிலும் ஏரிக்கரைக் குப்பங்களிலும் கிராம சுகாதார செவிலியராக இருந்து 2024-இல் ஓய்வு பெற்றேன். எங்கள் ஆட்களுக்கு நான் நர்சம்மா. ஓய்வு பெற்றதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பை இன்னும் என் திண்ணைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

எங்கள் சுகாதார நிலையத்தில் எடை, பிரஷர், ஹீமோகுளோபின், சர்க்கரை, சிறுநீர் எல்லாம் பார்ப்போம். டபுள் மார்க்கர் அந்த வரிசையில் இருந்ததில்லை. பொன்னேரிக்கோ மீஞ்சூருக்கோ தனியாரிடம் ஸ்கேனுக்குப் போகும் பெண்ணிடம், “இந்த பிளட் டெஸ்ட்டையும் எடுத்துடலாம்மா, குழந்தை நல்லா இருக்கான்னு பார்க்கத்தான்” என்பார்கள். குழந்தை நல்லா இருக்கா என்று பார்க்க எந்தத் தாய் வேண்டாம் என்பாள்? கையை நீட்டிவிடுவாள். அந்தச் சோதனை எதைத் தேடுகிறது, எதைச் சொல்லும், எதைச் சொல்லாது, ஒருவேளை ரிப்போர்ட் மோசமாக வந்தால் மேலே போக அவளுக்கு விருப்பமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஊசி குத்துவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வியை, ரிப்போர்ட் வந்த பிறகு, இரவெல்லாம் தூங்காத பெண்ணிடம் கேட்கிறோம். என் கோபம் அதன்மேல்தான்.

முதலில் அந்தச் சோதனை எதைத் தேடுகிறது என்று சொல்லிவிடுகிறேன். நம் உடம்பின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம்கள், 23 ஜோடியாக இருக்கின்றன. அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி. 21-ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக வந்துவிட்டால் அது டவுன் சிண்ட்ரோம். ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1866-இல் இந்தக் குழந்தைகளின் அடையாளங்களை எழுதிவைத்தார். காரணம் ஒரு கூடுதல் குரோமோசோம் என்று பாரிஸில் கண்டுபிடிக்க 1959 ஆனது. கருமுட்டை உருவாகும்போது பிரிய வேண்டிய குரோமோசோம் பிரியாமல் போவதுதான் பெரும்பாலும் நடப்பது. ஆக, கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே முடிந்துபோன காரியம் அது.

11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள் ஸ்கேனில் குழந்தையின் பிடரியில் தோலுக்கடியில் உள்ள நீரின் தடிமனை அளப்பார்கள். என்.டி. என்று ரிப்போர்ட்டில் இருப்பது அதுதான். அதோடு தாயின் ரத்தத்தில் இரண்டு பொருட்களைப் பார்ப்பார்கள். தாயின் வயது, எடை, கர்ப்ப வாரம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணினி ஒரு கணக்குப் போடும். 1:120, 1:800, 1:5000 என்று ஏதோ ஒரு விகிதம் வரும். நம் ஊர் ஆய்வகங்கள் பலவற்றில் 250-க்கு ஒன்று என்பதுதான் கோடு. வாய்ப்பு அதற்கு மேலே போனால் ‘ஹை ரிஸ்க்’ என்று அடித்துவிடுவார்கள், பெரும்பாலும் சிவப்பு மையில். இந்தச் சிவப்பு மையை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை. கறுப்பு மையில் அடித்தாலும் கணக்கு அதேதான்.

1:120 என்று வந்தால் நான் இப்படிச் சொல்லுவேன். நம் குப்பத்தில் 120 வீடு என்று வைத்துக்கொள். 120 வாசலிலும் 120 கர்ப்பிணிகள் இதே காகிதத்தோடு நிற்கிறார்கள். பிரசவம் ஆன பிறகு ஒரு வீட்டில் டவுன் சிண்ட்ரோம் குழந்தை இருக்கும். 119 வீட்டில் இருக்காது. நீ எந்த வீடு என்று இந்தக் காகிதத்துக்குத் தெரியாது. சொன்னதும் முகம் தெளிகிறவர்கள் உண்டு. “அந்த ஒரு வூடு என் வூடா இருந்தா இன்னா பண்றது?” என்று கேட்கிறவர்களும் உண்டு. இரண்டாமவர்களின் கேள்வியில் தப்பில்லை. அதற்குத்தான் அடுத்த சோதனை இருக்கிறது.

இந்த முதல் சோதனை டவுன் சிண்ட்ரோம் உள்ள கருக்களில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை பிடித்துவிடும். மிச்சம் நழுவிப் போகும். அதே சமயம் எந்தக் குறையும் இல்லாத நூறு கர்ப்பங்களில் ஏறக்குறைய ஐந்துக்குச் சும்மா மணி அடித்துவிடும். வயது கூடக்கூட மணியும் கூடுதலாக அடிக்கும். 25 வயதில் ஏறக்குறைய 1,300 பேரில் ஒருவருக்கு இருக்கும் வாய்ப்பு, 35 வயதில் 350-க்கு ஒன்று, 40 வயதில் 100-க்கு ஒன்று என்று ஏறும். இதைக் கேட்டுவிட்டு ‘லோ ரிஸ்க்’ வந்தவர்கள் நிம்மதியாகப் போவார்கள். போகட்டும், ஆனால் அதுவும் உத்தரவாதம் இல்லை. ஏரிக்கரையில் ஒரு பெண்ணுக்கு 26 வயது, லோ ரிஸ்க் என்று பச்சையில் எழுதிய ரிப்போர்ட், குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம். “அந்த லேப்ல ஏமாத்திட்டாங்க” என்று அவள் மாமனார் சண்டைக்குக் கிளம்பினார். ஏமாற்றவில்லை. நழுவும் அந்தப் பத்துப் பதினைந்தில் அவள் ஒருத்தி.

ஹை ரிஸ்க் காகிதம் வந்ததும் நான் முதலில் பார்ப்பது விகிதத்தை அல்ல, மேலே எழுதியிருக்கும் வயதையும் எடையையும் வாரத்தையும்தான். எங்கள் ஆட்களின் ஆதாரைப் பாருங்கள், பாதிப் பேர் ஜனவரி 1-ஆம் தேதி பிறந்திருப்பார்கள். பள்ளிக்கூடச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு ஆதார் எடுத்தவர் குத்துமதிப்பாகப் போட்ட வருடம் அது. இருபத்து நாலு வயதுப் பெண் ஒருத்தி 1:190 என்ற ரிப்போர்ட்டோடு வந்தாள். வயது என்ற இடத்தில் 34 என்று இருந்தது. அவள் பிறந்தபோது கூட இருந்தவளே நான். ஆய்வகத்துக்குப் போன் போட்டு, பிறப்புப் பதிவைக் காட்டி, கணக்கை மறுபடி போடச் சொன்னோம். புதிதாக ரத்தம்கூட எடுக்க வேண்டியிருக்கவில்லை. லோ ரிஸ்க் என்று வந்தது. கடைசி மாதவிடாயை அமாவாசை, ஆடித் திருவிழா என்று நினைவு வைத்திருக்கிறவர்களுக்கு வாரக் கணக்கும் இதே மாதிரி இடறும். குழந்தையின் நீளத்தை ஸ்கேனில் அளந்து போட்ட வாரம்தான் சரியான வாரம். இரட்டைக் குழந்தையா, செயற்கைக் கருத்தரிப்பா, சர்க்கரை நோய் உண்டா என்பதும் கணக்கை மாற்றும். எழுதியது எல்லாம் சரியாக இருந்து ஹை ரிஸ்க் வந்திருந்தால், அதே சோதனையை வேறு வேறு லேப்பில் எடுத்து நல்ல எண் வரும்வரை அலைவதில் அர்த்தமில்லை. பணமும் போகும், நாளும் போகும். நாள் போவதுதான் பெரிய நஷ்டம்.

அடுத்தது இரண்டு வழி. ஒன்று என்.ஐ.பி.டி. அம்மாவின் ரத்தத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து வந்த டி.என்.ஏ. துணுக்குகள் மிதக்கின்றன. கருவின் டி.என்.ஏ. இப்படித் தாயின் ரத்தத்தில் கிடைக்கும் என்று டென்னிஸ் லோ குழுவினர் 1997-இல் கண்டுபிடித்தார்கள். 10 வாரத்துக்குப் பிறகு கையில் ரத்தம் எடுத்தாலே போதும், டவுன் சிண்ட்ரோமை நூற்றுக்கு 99 பிடித்துவிடும். குழந்தைக்கு ஆபத்தில்லை. ஆனால் பல ஆயிரம் ரூபாய் செலவு. இதுவும் சந்தேகத்தைக் குறைக்கும் சோதனைதான். உண்டு என்று வந்தால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. ஸ்கேனிலேயே பிடரி நீர் மிகத் தடித்திருந்தாலோ இதயத்தில் கோளாறு தெரிந்தாலோ, இதைத் தாண்டி நேராக அடுத்ததற்குப் போகச் சொல்வார்கள்.

அந்த அடுத்தது பனிக்குட நீர்ச் சோதனை. ஆம்னியோ என்று சொல்வார்கள். 15 வாரம் முடிந்த பிறகு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே வயிற்றில் மெல்லிய ஊசியை இறக்கிக் கொஞ்சம் நீர் எடுப்பார்கள். அதில் குழந்தையின் செல்கள் இருக்கும். குரோமோசோம் நேரடியாகத் தெரிந்துவிடும். அவசர ரிப்போர்ட் சில நாளில், முழு ரிப்போர்ட் இரண்டு மூன்று வாரத்தில். ஊசியால் கரு கலையும் அபாயம் உண்டு. முன்பு 200-க்கு ஒன்று என்பார்கள், அனுபவம் உள்ள கையில் அதைவிடவும் குறைவு என்று பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. தாய்க்கு நெகட்டிவ் ரத்த வகை என்றால் தனியாக ஒரு ஊசி போட வேண்டும், அதை நீங்களே நினைவுபடுத்துங்கள். 11-லிருந்து 13 வாரத்துக்குள் நஞ்சிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்க்கும் முறையும் உண்டு. ஆனால் ஹை ரிஸ்க் காகிதம் கைக்கு வரும்போதே எங்கள் பெண்களுக்கு அந்த நாள் முடிந்திருக்கும்.

ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். ஏரிக்கரைக் குப்பம். வயது 37. மூத்த பெண் பத்தாவது படிக்கிறாள், நினைக்காமல் வந்த கர்ப்பம். 1:38 என்று வந்தது. ஆம்னியோவுக்குச் சென்னையில் நாள் குறித்துக் கொடுத்தார்கள். அந்த நாள் அவள் கணவனின் பாட்டு நாள். பழவேற்காடு ஏரியில் பாடு முறை உண்டு. எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஊரே முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும். உன் முறையை விட்டால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், இறால் ஓடும் நாளாக இருந்தால் வீட்டின் ஒரு மாத அரிசி அதில் போகும். அவர் ஒரு இரவு முழுக்க யோசித்து, முறையைப் பங்காளிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மனைவியோடு ரயிலேறினார். டாக்டர்கள் ‘கணவரையும் அழைத்து வாருங்கள்’ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த வாக்கியத்துக்கு எங்கள் ஊரில் என்ன விலை என்று அவர்களுக்குத் தெரிந்தால் நல்லது.

ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த நாட்களைத்தான் அவள் இன்றும் சொல்லுவாள். குழந்தை அசைவதுபோல இருந்ததாம். அசைந்தால் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லையாம். மாமியார் கிரகணத்தன்று வெளியே போனதைக் கிளறினார். நாத்தனார் ஒருத்தி, சொந்தத்தில் கட்டினதால்தான் என்றாள். நான் போய் உட்கார்ந்து பேசினேன். கிரகணம் இல்லை, சொந்தத்தில் கட்டினதும் இல்லை. நெருங்கிய உறவில் திருமணம் செய்தால் சில பரம்பரை நோய்கள் கூடுவது நிஜம்தான், ஆனால் குரோமோசோம் கூடுதலாக வரும் இந்த வகைக்கு அது காரணமில்லை. எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் கேட்பார்கள்: “இந்தச் சாம்பலாலயா நர்சம்மா?” ஆற்றில் கலக்கும் அனல்மின் நிலையச் சாம்பலோடும் புகையோடும் வாழ்கிற ஊரில் அது நியாயமான கேள்வி. டவுன் சிண்ட்ரோம் அதனால் வருகிறது என்பதற்குச் சான்று இல்லை. நன்றாகத் தெரிந்த முக்கியக் காரணம் தாயின் வயது, அதுவும் அவள் குற்றமில்லை. மூச்சுத் திணறலுக்கும் ஆற்று மீனுக்கும் அந்தச் சாம்பல் பதில் சொல்ல வேண்டும், அது வேறு வழக்கு.

அந்த வீட்டில்தான் மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஆம்பளப் புள்ளன்னா வச்சுக்கலாம், அத மட்டும் கேட்டுச் சொல்லேன்” என்றார். நீர் எடுத்துப் பார்க்கும் டாக்டருக்குக் குழந்தை ஆணா பெண்ணா என்று தெரியத்தான் செய்யும். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைச் சொன்னாலும் குற்றம், கேட்டாலும் குற்றம். இந்தச் சோதனையைப் பதிவு பெற்ற மையத்தில்தான் செய்ய வேண்டும், என்ன செய்யப் போகிறோம் என்று விளக்கி, தாய்க்குப் புரியும் மொழியில் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. எங்கள் பெண்கள் பலர் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். படித்துக் காட்டப்பட்டவர்கள் குறைவு.

ரிப்போர்ட் வந்தது. டவுன் சிண்ட்ரோம் உறுதி. மறுநாள் அவள் தனியாக என் வீட்டுக்கு வந்து, “உங்க தம்பியப் பார்க்கணும்கா” என்றாள்.

எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். 1983-இல் பிறந்தான். அம்மாவுக்கு அப்போது 41 வயது, எனக்கு 19. பிறந்தபோதே உடம்பு துவண்டிருந்தது, பால் குடிக்கத் தெரியவில்லை. சங்கில்தான் ஊற்றினோம். ஆறாவது மாதம் அம்மாவும் நானும் படகேறி, ரயிலேறி, சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிப் போனோம். டாக்டர் அவன் உள்ளங்கையில் குறுக்கே ஓடும் ஒற்றை ரேகையைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், பின்கழுத்தைத் தொட்டார். “இது படிக்காது, வளராது, சோறு போட்டு வச்சுக்கோங்க” என்றார். அவ்வளவுதான் கவுன்சலிங். தம்பி மூன்று வயதில் நடந்தான். ஐந்து வயதில் என் பெயரைச் சொன்னான். இன்று நாற்பது தாண்டிவிட்டது. ஏலம் நடக்கும் இடத்தில் வெள்ளை இறாலையும் கருப்பு இறாலையும் பிரித்துப் போடுவான், ஒன்று தப்பாது. யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் கல்யாணம் என்று அவனைக் கேட்டால் போதும். பணம் எண்ணத் தெரியாது, ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்து ஒரு டீ வாங்கி மிச்சம் கேட்காமல் வந்துவிடுவான். கோபம் வந்தால் சாப்பிட மாட்டான். தைராய்டு மாத்திரை தினம் போட வேண்டும். இந்த ஒரு வருடமாகச் சில பெயர்களை மறக்கிறான். அந்த 21-ஆவது குரோமோசோமில்தான் அல்சைமர் நோயோடு தொடர்புள்ள மரபணு ஒன்றும் இருக்கிறது, இவர்களுக்கு மறதி சீக்கிரம் வரும் என்று படித்திருக்கிறேன். படித்தது ஒன்று, வீட்டில் பார்ப்பது வேறு.

ரிப்போர்ட்டோடு வரும் பெண்ணிடம் தம்பியைப் பற்றி நானாகப் பேச்செடுக்க மாட்டேன். கூட்டிப் போய்க் காட்டினால் பெற்றுக்கொள் என்று சொன்ன மாதிரி. அவனால் நான் பட்ட பாட்டைச் சொன்னால் கலைத்துவிடு என்று சொன்ன மாதிரி. அவளாகக் கேட்டால் இரண்டையும் மறைக்காமல் சொல்லுவேன். அன்று அவள் வந்தபோது தம்பி வலைக்கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். அவளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டான், பெயர் கேட்டான், வயிற்றைப் பார்த்து “பாப்பாவா?” என்றான். அவள் அரைமணி நேரம் அவனோடு பேசிக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம், “உங்கம்மாவுக்கு நீங்க இருந்தீங்க. எனக்கப்புறம் என் பொண்ணு தலைல இத வைக்க முடியாதுக்கா” என்றாள்.

18 வாரத்தில் கர்ப்பத்தைக் கலைத்தார்கள். எனக்கு வலித்ததா என்றால், வலித்தது. அவளைக் குறைசொல்ல என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. ஊரில் ‘கலைஞ்சு போச்சு’ என்று சொல்லிக்கொண்டார்கள். இரண்டாம் நாள் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. அப்படி ஆகும் என்று யாரும் அவளிடம் சொல்லி அனுப்பவில்லை. பால் சுரப்பை நிறுத்த மாத்திரை இருக்கிறது, கேட்டு வாங்க வேண்டும். பிள்ளை இல்லாத பிரசவத்துக்குப் பத்தியமும் இல்லை, ஓய்வும் இல்லை என்பது எங்கள் ஊர் வழக்கம், நான்காம் நாள் மீன்கூடையைத் தூக்கச் சொன்னார்கள். நான் போய்ச் சத்தம் போட்ட பிறகுதான் விட்டார்கள். ஒரு வருடம் கழித்தும் குழந்தை பிறந்திருக்க வேண்டிய அந்த மாதத்தில் என்னிடம் வந்து அழுதாள். தானே எடுத்த முடிவுக்கும் அழலாம். முடிவு சரியா தவறா என்பதற்கும் அழுகைக்கும் சம்பந்தமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இதில் வதந்தி அதிகம். கருக்கலைப்புச் சட்டம் 1971-இல் வந்தது, 2021-இல் திருத்தப்பட்டது. 20 வாரம்வரை பதிவு பெற்ற ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20-லிருந்து 24 வாரத்துக்குள் என்றால் இரண்டு மருத்துவர்கள், சட்டம் சொல்லும் சில காரணங்களுக்கு மட்டும். அதற்கு மேல் கருவில் கடுமையான குறைபாடு என்று அரசு அமைத்த மருத்துவக் குழு சொன்னால்தான். திருத்தத்துக்கு முன் 2017-இல் 26 வாரக் கர்ப்பத்தோடு மகாராஷ்டிரப் பெண் ஒருவர் உச்ச நீதிமன்றம்வரை போனார். கருவுக்கு டவுன் சிண்ட்ரோம், கலைக்க அனுமதி கேட்டார், நீதிமன்றம் மறுத்துவிட்டது. இப்போதும் நாள் கடந்தால் முடிவு கையை விட்டுப் போய்விடும். 13 வாரத்தில் காகிதம், 16 வாரத்தில் ஊசி, 18 அல்லது 19-இல் முழு ரிப்போர்ட் என்று சரியாகப் போனாலே இவ்வளவுதான் இடைவெளி. நாலாவது மாதத்துக்கு மேல் முதல் முறையாகப் பதிவுக்கு வருகிறவர்கள் ரத்தத்தில் நான்கு பொருள் பார்க்கும் வேறு சோதனைக்குப் போக வேண்டும். அவர்களுக்கு இந்த இடைவெளியும் கிடையாது.

உறுதியான பிறகும் பெற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். துறைமுகத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் பையனும் அவன் மனைவியும். ஸ்கேனில் குழந்தையின் இதயத்தில் ஓட்டை தெரிந்தது. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் பாதிக்குப் பாதி இதயக் கோளாறோடு பிறக்கும். முன்கூட்டியே தெரிந்ததால் சென்னையில் குழந்தை இதய வைத்தியம் உள்ள இடத்தில் பிரசவம் பார்த்தார்கள், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அந்தப் பெண் குழந்தை இப்போது அங்கன்வாடிக்குப் போகிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் 1983 ஞாபகம் வரும். தம்பிக்குக் கிடைக்காதது அவளுக்குக் கிடைக்கிறது: பிறந்ததும் எக்கோ, தைராய்டு, காது, கண் பரிசோதனை, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி. அமெரிக்காவில் 1983-இல் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 வயதாக இருந்தது, இன்று 60. இதய அறுவை சிகிச்சைக்கும் அதில் பங்கு உண்டு.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்தால் தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாட்டுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. தம்பிக்கு வருகிறது. “எங்களுக்கு அப்புறம் யாரு?” என்று கேட்பவர்களுக்கு 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஒரு பாதி பதில். 18 வயதுக்கு மேல் சட்டப்படியான காப்பாளரை மாவட்டக் குழு நியமிக்கும். மீதிப் பாதிக்கு என்னிடமும் பதில் இல்லை. இந்தப் பிள்ளைகளை வளர்த்தவர்களிடமே பேச வேண்டும் என்று கேட்டால் சென்னையில் இருக்கும் டவுன் சிண்ட்ரோம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியாவைச் சொல்லுவேன். டவுன் சிண்ட்ரோம் உள்ள மகளின் தாயான சுரேகா ராமச்சந்திரன் தொடங்கியது அது.

மேற்கொண்டு எந்தச் சோதனையும் வேண்டாம் என்று காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்ட பெண்களும் உண்டு. “இன்னா வந்தாலும் என் புள்ளதான், அப்புறம் எதுக்கு ஊசி?” என்றாள் ஒருத்தி. அவளை அறிவில்லாதவள் என்று ஸ்கேன் சென்டரில் ஒருவர் திட்டி அனுப்பினார். அவள் தெளிவாகத்தான் இருந்தாள். டவுன் சிண்ட்ரோம் இல்லாத ஆண் குழந்தை பிறந்தது. “நான்தான் சொன்னேனே” என்று குப்பமே சொன்னது. பத்து மாதம் அவளோடு யாரும் உட்காரவில்லை.

காத்திருக்கும் நாட்களில் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்குப் பெரிய வைத்தியம் எதுவும் சொல்ல மாட்டேன். வீட்டில் கணவனைத் தவிர இன்னும் ஒரே ஒருவருக்கு மட்டும் சொல், அது வாயை மூடத் தெரிந்தவராக இருக்கட்டும். ஏலக்கரைக்கு ஒரு விஷயம் போனால் பழவேற்காடு பஸ் நிலையத்துக்குப் போன மாதிரி. யூடியூப் பார்க்காதே. இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதே, பயத்தில் பலர் நிறுத்திவிடுகிறார்கள். வழக்கமான வேலை செய்ய முடிந்தால் செய். டாக்டரிடம் போகும்போது கேள்விகளை மூத்த பிள்ளையின் நோட்டில் எழுதி எடுத்துப் போ, அங்கே போனதும் எல்லாம் மறந்துவிடும்.

ரத்தம் எடுப்பவர்களிடமும் ஸ்கேன் எடுப்பவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள். ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் கொடுங்கள். இது நோயைச் சொல்லும் சோதனை இல்லை, வாய்ப்பைச் சொல்லும் சோதனை என்றும், வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு என்றும் தமிழில் சொல்லுங்கள். ஹை ரிஸ்க் வந்தால் வாட்ஸ்அப்பில் தட்டிவிடாதீர்கள். கூப்பிட்டு, உட்காரவைத்து, கணவனோ அக்காவோ பக்கத்தில் இருக்கும்போது சொல்லுங்கள். அடுத்த சோதனை எங்கே, என்றைக்கு, எவ்வளவு செலவு என்று எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.